சாக்ஸ் வெள்ளையாக இருந்த பள்ளிக்கூடம்

ஊசியக்கா எந்தப் பெரிய பள்ளிக்கூடத்தின் வாசலையும் மிதித்ததில்லை. ஆனால் எந்தப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் ஆணி துருத்திக்கொண்டிருக்கிறது, எங்கே தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது, எந்த வகுப்பில் வாத்தியாரைக் கண்டால் பிள்ளைகள் நடுங்குகிறார்கள் என்று கேட்டால் சொல்லிவிடுவாள். கேட்கத்தான் ஆள் இல்லை. கேட்டாலும் சட்டென்று வாயைத் திறக்கிற ஆளும் இல்லை அவள்.

மருந்துக் கடைக்கும் சாவி வெட்டுகிற கடைக்கும் நடுவில், மாடிப்படிக்குக் கீழே கிடந்த முக்கோண இடம்தான் அவளுடைய கடை. படி உயரமாக இருக்கும் பக்கத்தில் துணி கொண்டுவந்தவர் நிற்கலாம். படி சரிந்து இறங்கும் பக்கத்தில், தலை இடிக்காமல் உட்காரப் பழகியவள் அவள் ஒருத்திதான். புதுத்துணி தைப்பதில்லை. கிழிந்தது, பிரிந்தது, இறுகிப்போனது, தொளதொளவென்று ஆனது, இவை மட்டும்தான் அவளிடம் வரும். அதிலும் பாதிக்கு மேல் பள்ளிச் சீருடைகள். சுற்றுவட்டாரத்தில் மூன்று பள்ளிக்கூடங்கள் இருந்தன. அவற்றின் பெயர்களை அவள் சொல்லமாட்டாள். சாம்பல், நீலக்கட்டம், காப்பிப்பொடி என்று துணியின் நிறத்தைச் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம்.

சாம்பல் சட்டை வந்தால் முதலில் காலர் நுனியைப் பார்ப்பாள். மென்று மென்று நார் நாராகிக் கிடக்கும். பரீட்சை மாதங்களில் இன்னும் மோசம். நகம் கடித்தால் அடி விழும் என்று காலருக்கு மாறிய பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்வாள். காப்பிப்பொடி வந்தால் அந்த மூட்டையையே தனியாக வைப்பாள். முட்டி தேய்ந்திருக்கும், பை பிய்ந்திருக்கும், பாவாடை விளிம்பு தொங்கும், மண்ணும் மையும் ஒட்டியிருக்கும். ஒரு தடவை ஒரு கால்சட்டைப் பைக்குள்ளிருந்து உயிரோடு ஒரு நத்தை வெளியே வந்தது. "இது பள்ளிக்கூடமா குஸ்தி மைதானமா?" என்று மெஷினைப் பார்த்துக் கேட்டாள். மெஷினிடம் மட்டும் அவள் தாராளமாகப் பேசுவாள்.

நீலக்கட்டம் அப்படி இல்லை. எப்போதாவது ஒரு பித்தான் தளர்ந்திருக்கும். பிள்ளை வளர்ந்துவிட்டால் விளிம்பை ஒரு விரற்கடை இறக்கவேண்டும். மூன்று வருஷம் போட்ட பாவாடை நேற்று வாங்கியது மாதிரி வரும். அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஊசியக்காவுக்கு மனசு குளிரும். இப்படியும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறதே என்று தோன்றும்.

அவளுக்கு ஒரே மகள். குருவி என்று கூப்பிடுவார்கள். ஏழு வயது. பிறக்கும்போது மூச்சு முட்டியதில் கால்கள் இறுகிப்போயின. பெருமூளை வாதம் என்று டாக்டர் சொன்னார். இரண்டு முட்டிகளும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டே இருக்கும். பேச்சும் மெதுவாகத்தான் வரும். அவள் ஒரு சொல் சொல்லி அடுத்த சொல்லுக்கு வருவதற்குள் தெருமுனையில் தெரிந்த சைக்கிள் கடையைத் தாண்டிப் போய்விடும். ஆனால் புத்தியில் எந்த மெதுவும் இல்லை. மெஷினுக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களைச் செருப்பை வைத்தே அடையாளம் சொல்வாள். "மருந்துக்கடை... மாமா... இன்னிக்கு... வேற... செருப்பு" என்பாள். மூன்று மாதத்துக்கு முன்னால்தான் சக்கரம் வைத்த வாக்கர் ஒன்று வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நாலு அடி போவாள். ஐந்தாவது அடிக்கு ஊசியக்கா எழுந்து ஓடிப்போய்த் தூக்கிவிடுவாள்.

அதற்குக் காரணம் இருந்தது. தெருக்கோடியில் இருந்த சின்னப் பிள்ளைகள் பள்ளியில் குருவி இரண்டு வருஷம் படித்தாள். அங்கே போன வருஷம் படியில் விழுந்து மோவாயில் மூன்று தையல் போட்டார்கள். அந்தத் தையலைப் பார்த்துவிட்டு டாக்டரை முறைத்தவள் ஊசியக்கா. "ஏன் முறைச்சே?" என்று கணவர் கேட்டதற்கு, "இன்னும் நெருக்கமாப் போட்டிருக்கலாம்" என்றாள்.

அந்தச் சின்னப் பள்ளியில் இனி மேலே வகுப்பு கிடையாது. எல்லாப் பள்ளிகளிலும் அந்த வெள்ளிக்கிழமையோடு சேர்க்கை முடிகிறது. இந்த வருஷம் விட்டால் இன்னொரு வருஷம் குருவி மெஷினுக்கடியில் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் கூடிப் பேசினார்கள். அவளுடைய கணவர் ரொட்டி வண்டி ஓட்டுகிறவர். விடியற்காலையில் கிளம்பி மதியம் திரும்பி, கண் பாதி மூடிய நிலையில்தான் எந்த விஷயத்தையும் பேசுவார். அவருடைய அக்கா, ஊசியக்காவுக்கு நாத்தனார், ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிறவள். தினமும் எழுபது பேரைக் குத்திக் குத்தி, பேச்சிலும் அதே பழக்கம்.

"மூணு பள்ளிக்கூடம் இருக்கு. போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வந்தா முடிஞ்சது. இதுக்கு என்ன மாநாடு?" என்றாள் நாத்தனார்.

"கேக்க வேண்டாம் அண்ணி. எனக்குத் தெரியும்" என்றாள் ஊசியக்கா.

"உனக்கு எப்படித் தெரியும்? நீ அஞ்சாவதோட பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவ."

"நீலக்கட்டம்தான். அங்க பிள்ளைங்க விழறதில்ல."

"அது யாரு சொன்னா?"

"பாவாடை."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். "டேய், உன் பொண்டாட்டி சொல்றது கேட்டுச்சா? பாவாடை சொல்லுச்சாம்."

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார் அவர். "என் சட்டையப் பாத்தே நான் எந்தக் கடையில டீ குடிச்சேன்னு சொல்லுவா."

குருவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உதடு குவிந்தது. "நீலப் பாவாடை பிடிச்சிருக்குன்னு சொல்றா" என்று ஊசியக்கா முடித்துவைத்தாள். வெளியாளிடம் வாய் திறக்காத அவளுக்கு, மகளுக்காகப் பேசுவது என்றால் மட்டும் எங்கிருந்தோ வேகம் வந்துவிடும். குருவி வாயை மூடிக்கொண்டு வாக்கரின் சக்கரத்தை விரலால் சுற்றத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை மதியம், கடையைச் சாத்திவிட்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நீலக்கட்டத்துக்குப் போனாள். வாசலிலேயே சாய்தளம். உள்ளே லிஃப்ட். தரை முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. வரவேற்பில் இருந்த பெண் எழுந்து வந்து, "உக்காருங்கம்மா, குட்டிம்மாவுக்குத் தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். ஊசியக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர்களை இரண்டாவது மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நடையின் கடைசியில் ஓர் அறை. சுவரெல்லாம் மெத்தை. வட்ட மேசையைச் சுற்றிப் பெல்ட் வைத்த நாலு நாற்காலிகளில் நாலு பிள்ளைகள். அவர்களைப் பார்த்துக்கொள்கிற ஆயா ஒரு பையனின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். துடைத்த கையோடு அவன் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். நடிப்பில்லாத பிரியம் அது, பார்த்தாலே தெரிந்தது.

"இந்த அறை ஆரம்பிச்சு ஒம்பது வருஷம் ஆச்சும்மா. இன்னிக்கு வரைக்கும் ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல. கண்ணுல வெச்சுப் பாத்துக்கறோம். நீங்க விரும்பினா நீங்களும் கூடவே உக்காந்துக்கலாம்" என்றாள் வரவேற்புப் பெண்.

ஊசியக்கா நினைத்துவந்தது இதுதான். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனாலும் அவள் கண் சும்மா இருக்கவில்லை. பழக்கதோஷம், துணியைப் பார்த்தது. மணி ஒன்றே கால். நாலு பிள்ளைகளின் உடுப்பிலும் காலையில் வீட்டில் தேய்த்துப் போட்ட மடிப்பு கலையாமல் கத்தி மாதிரி நின்றது. மேசைக்குக் கீழே பார்த்தாள். ஷூவைக் கழற்றி ஓரமாக அடுக்கியிருந்தார்கள். எட்டுப் பாதங்களிலும் வெள்ளை சாக்ஸ். உள்ளங்கால் பக்கமும் வெள்ளை. கடையில் அட்டையில் சுற்றித் தொங்குகிற சாக்ஸ் அப்படித்தான் இருக்கும்.

"குட்டிம்மா கொஞ்ச நேரம் உக்காந்து பாக்கட்டுமா?" என்று ஆயா ஐந்தாவதாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். குருவியை உட்காரவைத்து, இடுப்பில் பெல்ட்டை மாட்டினாள். குருவி அழவில்லை, சிரிக்கவில்லை. கதவைப் பார்த்தபடி இருந்தாள். வெளியே நடையில் மற்ற வகுப்புப் பிள்ளைகள் கூட்டமாக ஓடுகிற சத்தம் கேட்டது. சத்தம் வந்த திசைக்குக் குருவியின் தலை திரும்பியது, சத்தம் போன திசைக்கும் திரும்பியது. மற்ற நாலு பேரும் திரும்பவில்லை.

படிவத்தை நீட்டினார்கள். "அவங்கப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வர்றேன்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கினாள்.

"ஏம்மா, லிஃப்ட் இருக்குங்கற. மெத்தை இருக்குங்கற. தங்கமான ஆயாங்கற. அப்புறம் என்ன குறை?" என்று அவள் வீடு திரும்பியதும் கணவர் கேட்டார்.

"சாக்ஸ் வெள்ளையா இருந்துச்சுங்க."

"அதுல என்ன தப்பு?"

"ரொம்ப வெள்ளை."

அவர் படுத்த இடத்திலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் நாத்தனாருக்குச் செய்தி போனது. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து நின்றாள். "எங்க ஆஸ்பத்திரியில ஒரு ஆளு, ஊசி போடற நர்ஸ் மூக்கு சரியில்லன்னு ஓடிப்போனான். அவனுக்கு அடுத்து நீதான். சாக்ஸ் வெள்ளையா இருக்குன்னு ஒரு பள்ளிக்கூடத்த வேணாம்னு சொல்ற ஆளை நான் எங்க போய்த் தேடுவேன்?"

"அண்ணி, அவங்க நடக்கறதே இல்ல அண்ணி."

"நடக்க முடியாத பிள்ளைங்களைத்தானே அங்க வெச்சிருக்காங்க?"

அந்தக் கேள்விதான் ஊசியக்காவையும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. நேற்றுவரை அவள் குருவியை அப்படித்தான் வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை சாம்பலைப் பற்றி யோசித்தாள். கடித்த காலர்கள் கண்ணில் வந்து நின்றன, விட்டுவிட்டாள். காப்பிப்பொடியை யோசிக்கவே இல்லை. நத்தை வளர்க்கிற கும்பலில் குருவியைக் கொண்டுபோய் விடுவதா?

புதன்கிழமை காலையில் பெயின்டர் வந்தார். வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவர். கையெல்லாம் காய்ந்த சுண்ணாம்புப் புள்ளிகள். வருஷத்துக்கு மூன்று நாலு தடவை காப்பிப்பொடிப் பாவாடை ஒன்றைக் கொண்டுவருவார். "அதேதான்க்கா" என்று சொல்லிவிட்டு வைப்பார். "சரிங்க" என்று சொல்லிவிட்டு அவள் வாங்கிவைப்பாள். இரண்டு வருஷமாக இருவருக்கும் இடையில் நடந்த பேச்சு மொத்தமும் அவ்வளவுதான்.

அந்தப் பாவாடை எப்போதும் ஒரே இடத்தில்தான் போகும். முட்டி உயரத்தில், உள்பக்கமாக, இரண்டு காலும் சேருகிற இடத்தில். துணி தேய்ந்து தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகி, கடைசியில் பொத்தல் விழும். ஊசியக்கா அதற்கு ஒரு கதை கட்டியிருந்தாள். மதில் ஏறுகிற பெண். மதிலில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து சறுக்குகிறவள். பொல்லாத பிள்ளை. பெற்றவர்கள் கண்டிப்பதில்லை. இப்படி நினைத்துக்கொண்டுதான் இரண்டு வருஷமாக இரட்டை ஒட்டுப் போட்டுக்கொடுத்தாள்.

அன்றைக்குப் பாவாடையைப் புரட்டிப் போட்டபோது, பக்கத்தில் குருவியின் கவுன் கிடந்தது. அதிலும் விளிம்பு பிரிந்திருந்ததால் தைக்க எடுத்துவைத்திருந்தாள். கவுனில் முட்டி உயரத்தில் உள்பக்கம் லேசாக நூல் சிலிர்த்திருந்தது. இந்த மூன்று மாதத்தில் வந்தது. வாக்கர் வந்த பிறகு வந்தது. அவள் கவுனைப் பாவாடையின் மேல் விரித்தாள். தேய்ந்த இடத்தின் மேல் தேய்ந்த இடம் வந்து உட்கார்ந்தது. ஒன்று இப்போதுதான் ஆரம்பித்திருந்தது. இன்னொன்று ஓடி ஓடிக் கிழிந்திருந்தது.

ஊசியக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். பெயின்டர் கடையைவிட்டு இறங்கித் தெருவைக் கடந்துகொண்டிருந்தார்.

அவள் யாரையும் பின்னால் கூப்பிட்டதில்லை. மிச்சச் சில்லறையை மறந்துவிட்டுப் போகிறவரைக்கூட, அடுத்த தடவை வரும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறவள். இப்போது எழுந்த வேகத்தில் மாடிப்படியில் தலையை நங்கென்று இடித்துக்கொண்டாள். "அண்ணே! அண்ணே! கொஞ்சம் நில்லுங்க!"

மருந்துக்கடைக்காரரும் சாவிக்கடைக்காரரும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தார்கள். அவளுடைய குரல் அவ்வளவு பெரியது என்று அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெயின்டர் திரும்பி வந்தார். "என்னக்கா, தைக்க முடியாத அளவுக்குப் போயிடுச்சா?"

"இல்ல... உங்க பொண்ணு... மதில் ஏறுவாளா?"

"மதிலா?" அவர் சிரித்துவிட்டார். "நல்லாக் கேட்டீங்க போங்க. அவ நடக்கறதே வாக்கர்லதான். பொறந்ததுலேர்ந்தே கால் ரெண்டும் ஒட்டிக்கிச்சு. ஆனா வாக்கரைக் கையில புடிச்சா நிக்க மாட்டா, ஓட்டந்தான். முட்டி ரெண்டும் நடுவுல துணியக் கவ்விக்கிட்டு உரசி உரசி... அதான் பாவாடை இந்தக் கதி ஆவுது. நான் சொல்லியிருப்பேன்னு நெனச்சேனே?"

"நீங்க 'அதேதான்'னு மட்டுந்தான் சொல்லுவீங்க."

"நீங்களும் கேக்க மாட்டீங்களே."

மெஷினுக்குக் கீழிருந்து குருவி அவருடைய செருப்பை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து அவளைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த வாக்கரையும் பார்த்தார். அப்புறம் அந்த முக்கோணத்துக்குள் எப்படியோ ஒடுங்கி உட்கார்ந்துவிட்டார்.

"அங்க பாத்துக்குவாங்களாண்ணே?" என்று கேட்டாள் ஊசியக்கா.

"பாத்துக்குவாங்கன்னா... எப்படிச் சொல்றது? மொத வருஷம் ரொம்பக் கஷ்டம்க்கா. ஒண்ணும் தெரியாது அவங்களுக்கு. கக்கூஸ்ல புடிச்சுக்கக் கம்பி கூட இல்ல. நானே ஒரு ஞாயித்துக்கெழம போய் மாட்டிவிட்டேன். போன மாசம் விழுந்து பல்லு ஒண்ணு போச்சு."

"பல்லா!"

"பால்பல்லுதான். ஆடிக்கிட்டிருந்தது. அத ஒரு காகிதத்துல சுத்தி வாத்தியாரம்மா குடுத்தனுப்பியிருந்தாங்க. 'நாலு பேரு தொரத்தி வெளையாடறப்ப விழுந்துட்டா, தொரத்தினது இவதான்'னு சீட்டு வேற." சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது கவலையா பெருமையா என்று ஊசியக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. கணவர் ரொட்டி வண்டியிலேயே அவர்களைக் காப்பிப்பொடி வாசலில் இறக்கிவிட்டார். அவருக்கு இன்னும் ஏழு கடை பாக்கி. "பயப்படாத. பேச்சு வரலன்னா சட்டையப் பாத்துக்கிட்டு இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாய்தளம் என்று ஒன்று இருந்தது. ஒரு பழைய கதவைப் படியின் மேல் போட்டு, வழுக்காமல் இருக்கக் கோணிச் சாக்கு அடித்திருந்தார்கள். ஊசியக்கா மகளைத் தூக்கக் குனிந்தாள். குருவி வாக்கரின் பிடியை விடவில்லை. அந்தக் கதவின் மேல் ஏறி முடிக்க அவளுக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. இரண்டு தடவை பின்னால் சறுக்கினாள். ஊசியக்கா இரண்டு கையையும் நீட்டியபடி, தொடாமல், பின்னாலேயே குனிந்து நடந்தாள். அதைப் பார்த்தவர்கள் அவளுக்குத்தான் இடுப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்கள்.

தலைமை ஆசிரியை உயரமான, கண்ணாடி போட்ட பெண். மேசையில் ஒரு பக்கம் உடைந்த குளோப், இன்னொரு பக்கம் பாதி குடித்த டீ. அவர் ஊசியக்காவைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, நாற்காலியை நகர்த்தி, குருவியின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"உன் பேர் என்ன?"

ஊசியக்கா பேரைச் சொன்னாள்.

"எத்தனை வயசு?"

ஊசியக்கா வயதைச் சொன்னாள்.

ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, உங்களுக்கு இடம் குடுத்தாச்சு. இப்ப இவளைக் கேக்கறேன்."

ஊசியக்காவின் காது சூடானது. முன்தினம் முழுக்க மகளுக்கு அவள் பதில்கள் சொல்லிக்கொடுத்திருந்தாள். பேர், வயது, நிறங்கள், ஒன்றிலிருந்து ஐம்பது. ஒன்றிலாவது தடுமாறினால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயம்.

"உனக்கு என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்றார் ஆசிரியை.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை.

குருவியின் உதடு குவிந்தது. கழுத்து ஒரு பக்கம் இழுத்தது. கை வாக்கரை இறுக்கியது. சுவரில் கடிகாரம் ஓடியது. வெளியே ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. ஏழாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்து முடித்தே விட்டார்கள். குருவியின் முகம் சிவந்து, கண் கலங்குகிற மாதிரி ஆயிற்று. ஊசியக்காவால் பொறுக்க முடியவில்லை. "பாத்ரூம் போகணும்னு நெனைக்கிறா" என்றாள்.

குருவி திரும்பி அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். ஏழு வருஷத்தில் அந்தப் பார்வையை ஊசியக்கா கண்டதில்லை. ஆசிரியை கையை மட்டும் லேசாக உயர்த்தினார், பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. ஊசியக்கா உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் பிடித்துக்கொண்டாள்.

"அந்த..." என்றாள் குருவி. எட்டாம் வாய்ப்பாடு ஆரம்பித்தது. "அந்த... மணிய... யாரு... அடிப்பா?"

எந்த மணி? ஊசியக்கா திரும்பிப் பார்த்தாள். வாசல் பக்கத்துத் தூணில் ஒரு மணி தொங்கிக்கொண்டிருந்தது. கதவுச் சாய்தளத்தில் மகள் விழுந்துவிடுவாளோ என்று காலையே பார்த்துக்கொண்டு வந்தவளுக்கு, மணி கண்ணிலேயே படவில்லை.

"வாரத்துக்கு ஒரு வகுப்பு அடிக்கும்" என்றார் ஆசிரியை.

"ரெண்டாம்... வகுப்பு... எப்ப?"

"நாலாவது வாரம். ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு. உன்னை ரெண்டாம் வகுப்புலதான் சேக்கணும், அது மாடியில இருக்கு. கீழ இருக்கற அஞ்சாம் வகுப்பை மேல ஏத்திட்டு உங்க வகுப்பைக் கீழ இறக்கணும். அஞ்சாம் வகுப்பு ஆளுங்க சண்டைக்கு வருவாங்க. ஒரு வாரம் ஆகும். பரவாயில்லையா?"

குருவி தலையாட்டினாள். தலையாட்ட அவளுக்கு நேரம் ஆகாது.

ஆசிரியை இப்போது ஊசியக்காவின் பக்கம் திரும்பினார். "எங்களுக்கு எல்லாம் தெரியும்னு சொல்ல மாட்டேம்மா. தப்பு செய்வோம். விழுவா, எந்திரிப்பா. மாசத்துக்கு ஒரு தடவை வந்து என்னைத் திட்டிட்டுப் போங்க. ஆனா பகல் பூரா நீங்க கூட உக்கார வேண்டாம். நீங்க இருந்தா யாரும் அவகிட்ட பேச மாட்டாங்க, உங்ககிட்டத்தான் பேசுவாங்க."

"நான் அவ்வளவா பேச மாட்டேங்க" என்றாள் ஊசியக்கா.

ஆசிரியை சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார்.

பக்கத்து அறையில் எழுத்தர் பெண் படிவத்தைக் கொடுத்தாள். கணவர் இல்லை, நாத்தனார் இல்லை. தன் கையெழுத்து கோணல் என்று ஊசியக்காவுக்கு வெட்கம். எழுத்துகளை ஒவ்வொன்றாக, துணியில் சுண்ணாம்புக் கட்டியால் குறி போடுகிற மாதிரி நிதானமாக இறக்கினாள். முகவரி, பிறந்த தேதி, தந்தையின் தொழில். தாயின் தொழில் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'பழைய துணி தைத்தல்' என்று எழுதினாள்.

கடைசியில் ஒரு கட்டம். 'மாணவரைப் பற்றி ஆசிரியர் அறியவேண்டியவை' என்று போட்டு நாலு கோடு விட்டிருந்தார்கள். அங்கே எழுத்தர் பெண் விரலை வைத்து, "டாக்டர் சொன்ன நோயோட பேரை மட்டும் எழுதினாப் போதும்" என்றாள்.

ஊசியக்கா நோயின் பெயரை எழுதினாள். அது அரைக் கோடுதான் வந்தது. மீதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுத ஆரம்பித்தாள்.

இடது கால் ஷூவை முதலில் போடவேண்டும், வலதை முதலில் போட்டால் இடது கால் இறுகிக்கொள்ளும். சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்தால் புரையேறும், அப்போது யாரும் சிரிப்பு மூட்டக் கூடாது. ஆட்களைச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் தெரிந்துகொள்வாள், ஆசிரியர்கள் புதுச் செருப்பு போட்டால் சொல்லிவிடவேண்டும். பேசி முடிக்கும்வரை காத்திருக்கவேண்டும்.

இந்த இடத்தில் பேனா நின்றது. கொஞ்சம் பொறுத்து, 'நானும் இனிமேல்தான் பழகவேண்டும்' என்று சேர்த்தாள். நாலு கோடும் தீர்ந்து, ஓரத்தில் ஏறி, கட்டத்துக்கு வெளியே போயிருந்தது.

குருவி அவளுடைய முழங்கையை இழுத்தாள்.

"என்னம்மா?"

உதடு குவிந்தது. ஊசியக்காவுக்குப் பதில்கள் வரிசையாக வந்து நின்றன. பசி, தாகம், அப்பா, வீடு. எதையும் சொல்லவில்லை. எழுத்தர் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள், அப்புறம் அவளும் சும்மா இருந்தாள். வெளியே வாய்ப்பாடு முடிந்து யாரோ யாரையோ துரத்திக்கொண்டு ஓடினார்கள்.

"எனக்கு..." என்றாள் குருவி. "ஜன்னல்... பக்கம்... வேணும். எழுது."

"கட்டத்துல இடமே இல்லையேம்மா" என்றாள் எழுத்தர் பெண், ஊசியக்காவைப் பார்த்து.

"பின்பக்கம் எழுதலாங்களா?"

"எழுதுங்க."

ஊசியக்கா தாளைத் திருப்பிப் போட்டு, 'ஜன்னல் பக்கம்' என்று எழுதினாள்.

"இன்னும்... இருக்கு" என்றாள் குருவி.

"சொல்லு" என்று ஊசியக்கா பேனாவைத் தாளின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.